மூடியைத் திறக்காதீர்கள், ஐயா!

வெளிநாட்டுப் பார்சல்களைச் சோதித்து அனுப்பும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பார்சல் எண், வரி கட்டிய ரசீது எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. சோதனையில் திறந்து என் காசைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மனுவும் போட்டாயிற்று. "புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. உங்களுக்கு முடிந்துவிட்டது, எனக்கு முடியவில்லை. அதனால் நாலு பேர் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் அக்கா மகன் அனுப்பிய வெள்ளிக் காசு அது. கிறிஸ்துமஸை ஒட்டி பிரிட்டனின் நாணயச் சாலையான ராயல் மின்ட் போட்ட பனிமனிதன் 50 பென்ஸ். 2018இல் ஆரம்பித்த வரிசை. ஏழு மூலை, எட்டு கிராம். பிரிட்டனை ஒட்டியுள்ள மேன் தீவு 1980லேயே கிறிஸ்துமஸ் 50 பென்ஸ் போடத் தொடங்கிவிட்டது. அதிலும் சில என்னிடம் உண்டு. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கிறிஸ்துமஸ் காசு எதற்கு என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். பிள்ளையார் நோன்புக்கு நாங்கள் மாவில் திரி ஏற்றி இழை எடுப்பதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். பொங்கல் பானை போட்டு நம் சர்க்கார் ஒரு காசு அடிக்கட்டும், முதல் ஆளாக வாங்குகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அது ப்ரூஃப் காசு. ப்ரூஃப் காசு என்பது சேகரிப்பவர்களுக்காக மெருகேற்றிய அச்சில், ஒரு தடவைக்கு மேல் அடித்து எடுப்பது. எங்கள் பக்கத்து வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசிய சுவர் முகம் காட்டுமே, அப்படி இருக்கும் அதன் பரப்பு. அந்தச் சுவரில் எண்ணெய்க் கையை வைத்தால் எந்த ஆச்சி சும்மா விடுவார்? கை படக் கூடாது என்றுதான் காசைக் காப்ஸ்யூல் என்னும் மூடி போட்ட பிளாஸ்டிக் சிமிழில் அடைத்து அனுப்புகிறார்கள்.

வந்து சேர்ந்த காப்ஸ்யூலின் விளிம்பில் கத்தி நுனி இறங்கிய வெட்டு. இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தவில்லை. பனிமனிதனுக்குப் பக்கத்தில், வழவழப்பான இடமாகப் பார்த்து, ஒரு முழுப் பெருவிரல் ரேகை. சுழியை எண்ணிவிடலாம். அதோடு விட்டிருந்தால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் அசிட்டோனில் முக்கியாவது பார்த்திருப்பேன். யாரோ நல்லெண்ணத்தில் துணியால் துடைத்துவிட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மயிரிழை மயிரிழையாகக் கோடு. இனி எதைப் போட்டாலும் அது போகாது.

"காசு அப்படியேதானே இருக்கிறது, என்ன நஷ்டம்?" என்று போனில் ஒருவர் கேட்டார். பார்சலை விடுவிக்கக் கைநாட்டு வேண்டுமென்றால் அதற்குப் படிவம் இருக்குமே, காசின் மேலேயா வைப்பது?

காப்ஸ்யூலுக்கு இரண்டு பக்கமும் உள்ளே தெரியும். எடை போடலாம், எக்ஸ்ரேயில் பார்க்கலாம், கூட வரும் சான்றிதழைப் படிக்கலாம். மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

வரியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. 2019 டிசம்பரிலிருந்து தபாலில் வரும் அன்பளிப்புக்கும் முழு வரி. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. அடுத்த காசை ராக்கியில் கோத்து அனுப்பச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் ஐயா ரங்கூனிலிருந்து மடியில் முடிந்து கொண்டுவந்த, மயில் முத்திரை போட்ட பழைய பர்மாக் காசுகள் பெட்டகத்தில் இருக்கின்றன. சந்தையில் கைமாறித் தேய்ந்த தேய்மானம் உண்டே தவிர, அவற்றில் ஒரு கீறல் கிடையாது. கப்பலில், மூட்டை முடிச்சோடு வந்தவை!

சோதிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதெதிலோ தங்கத்தை ஒளித்துக் கொண்டுவருகிறார்கள் என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம், உங்கள் வேலையின் சிரமம் புரிகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: பெட்டியைப் பிரியுங்கள், காப்ஸ்யூலை விட்டுவிடுங்கள்.

இந்த மார்கழிக்கும் ஒரு காசு கிளம்புகிறது. பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து மூடியைத் திறக்காதீர்கள். திறந்தே தீர வேண்டுமென்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கையுறையோடு நானே வந்து திறந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
காசு சேர்க்கும் காரைக்குடிவாசி