சத்துணவு வாளியில் மிஞ்சுவதை யார் எழுதி வைக்கிறார்கள்?

சத்துணவுத் திட்டத்தையும் காலை உணவுத் திட்டத்தையும் நடத்தும் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். அந்த உரிமையில் இரண்டு மாதமாக, வேலை இல்லாத நாட்களில், மதியம் பன்னிரண்டரைக்குப் பள்ளிக்குப் போய் நிற்கிறேன். சமையலைச் சோதிக்கப் போகவில்லை. சத்துணவு டீச்சரும் ஆயாவும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிள்ளைகள் கை கழுவும் இடத்தில் மிச்சத்தைக் கொட்ட ஒரு நீல வாளி இருக்கிறது. நான் பார்க்கப் போனது அந்த வாளியைத்தான்.

தக்காளி சாதம் போடும் நாளில் வாளியில் கொஞ்சம் கறிவேப்பிலையும் மிளகாயும் கிடக்கும், அவ்வளவுதான். மீல் மேக்கர் சாதத்தன்று பாதி வாளி நிறைகிறது. "சக்கை மாதிரி இருக்கு" என்றான் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். தட்டில் இருந்த உருண்டைகளை எல்லாம் பக்கத்துப் பையனுக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு அவனுடைய முட்டையின் வெள்ளையை வாங்கிக்கொண்டான். முட்டையில் இன்னொரு கதை. வெறுமனே அவித்துக் கொடுத்தால் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் மஞ்சள் கருவை விட்டுவிடுகிறார்கள். தொண்டையில் அடைக்கிறதாம். தக்காளி மசாலாவில் புரட்டிக் கொடுத்தால் அதே குழந்தைகள் முழுசாகச் சாப்பிடுகிறார்கள். முட்டையின் இரும்பும் வைட்டமின் ஏ-யும் அந்த மஞ்சளில்தான் இருக்கின்றன. அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சத்தில் நல்ல பங்கு வாளிக்குப் போகிறது.

இதில் எதுவும் பதிவேட்டில் இல்லை. எத்தனை பேர் சாப்பிட்டார்கள், அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, முட்டை எத்தனை, எல்லாம் இருக்கிறது. வாளிக்கு மட்டும் ஒரு கட்டம் இல்லை.

திட்டத்தைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆரம்பித்தது. 1956-ல் காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவில் சாப்பிட்டவர்தான் என் அம்மா. 1989-ல் கலைஞர் காலத்தில் முட்டை வந்தது. ஜெயலலிதா காலத்தில், 2013-க்குப் பிறகு, கலவை சாதங்கள் வந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு தொடங்கியது. காமராசருக்குப் பிறகு ஆட்சி மாறினாலும் அடுப்பு அணையவில்லை. வந்த ஒவ்வொருவரும் தட்டில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஆனால் என் அம்மா காலத்துப் பசி வேறு. "என்ன போட்டாலும் தட்டை வழிச்சு நக்குவோம்" என்பார். அந்தப் பிள்ளைகளிடம் ருசி பற்றி யாரும் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. இன்று பள்ளி வாசலிலேயே பெட்டிக்கடை. ஐந்து ரூபாய்க்குக் காரமும் உப்புமாக ஒரு பாக்கெட். சத்துணவுத் தட்டு அதோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. பசி ஆறியதா என்று மட்டும் பார்த்தால் இனிப் போதாது. பிள்ளை அந்தச் சாப்பாட்டை எப்படி எடுத்துக்கொள்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம், உண்மையில் என்னை எழுத வைத்தது ராகிக் களி.

எங்கள் பக்கம் ராகி விளைகிற மண். என் மாமியார் இன்றும் மத்தியானம் களி கிண்டி, கீரைக் கடைசலோடுதான் சாப்பிடுகிறார். என் பெரியவன் தொடுவதில்லை. கட்டாயப்படுத்தினால், "ஸ்கூல்ல யாரும் இதெல்லாம் சாப்பிட மாட்டாங்க" என்கிறான். அவனைத் திட்டிப் பயனில்லை. பள்ளியில் போடுவது அரசாங்கச் சாப்பாடு. அங்கே வருவதெல்லாம் மரியாதையான சாப்பாடு, வராதது வீட்டோடு, கிழவிகளோடு முடிந்துபோகிற சாப்பாடு என்று அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறான். அந்தக் கணக்கை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது உங்கள் உணவுப் பட்டியல். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைக்கூட எட்டாது. இதே தருமபுரி மாவட்டத்தில் அரசு விவசாயியிடம் நேரடியாக ராகி வாங்குகிறது, 2023-லிருந்து ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ தருகிறது. வயலிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் வந்த ராகி பள்ளிக்கூட வாசல்படி ஏறவில்லை. காலை உணவில் உள்ளூர்ச் சிறுதானியம் சேர்க்க வழி இருக்கிறது என்கிறார்கள். எங்கள் பள்ளியில் நான் பார்த்தது ரவையும் சேமியாவும்தான்.

முதல் நாளே களி போட்டால் வாளி நிரம்பும், எனக்குத் தெரியும். ஒரு புதுச் சுவையைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறையாவது, சில சமயம் பதினைந்து முறைகூட, அது தட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்பது ஆராய்ச்சியில் பலமுறை பார்த்த விஷயம். இரண்டு முறை போட்டு, மிஞ்சுகிறதென்று நிறுத்திவிட்டால் அது சோதனையே இல்லை. பிரான்சில் ஜாக் பியூசே என்பவர் 1970-களில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுவை வகுப்புகள் தொடங்கினார். சபெரே என்று அதைச் சொல்கிறார்கள். காயை முகர்ந்து பார்ப்பது, தொட்டுப் பார்ப்பது, கடிக்கும்போது வரும் சத்தத்தைக் கேட்பது, பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று தன் வார்த்தையில் சொல்வது, இவ்வளவுதான் பாடம். விழுங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 1948-லிருந்து எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு தரும் ஃபின்லாந்து இதை மழலையர் பள்ளிகளில் எடுத்துக்கொண்டது. நமக்கு இதற்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். "சக்கை மாதிரி இருக்கு" என்ற பையன் பாதிப் பாடத்தைத் தானாகவே சொல்லிவிட்டான். கேட்டு எழுத ஒரு நோட்டுப் போதும்.

இனி வாங்குகிற விஷயம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வருகின்றன. முட்டைக்கு ஒப்பந்தம். அதில் நியாயம் உண்டு. மாநிலம் முழுக்க ஒரே தரம் வேண்டும், நாளைக்கு ஒருவன் கை வைத்தால் பிடிக்கவும் வழி வேண்டும். ஊரிலேயே வாங்குவது காய்கறி மட்டும்தான், டீச்சர் கையிலிருக்கும் சின்னத் தொகையில். எங்கள் டீச்சர் கடையில் கணக்கு வைத்துத்தான் வாங்குகிறார். கடைக்காரர் தருவதுதான் காய். அது எங்கிருந்தோ லாரியில் வந்தது. அதே வாரம் பாலக்கோடு சந்தையில் தக்காளி விலை விழுந்து, கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டுவிட்ட வீடுகள் எங்கள் தெருவில் மூன்று.

பிரேசிலில் 1955-லிருந்து பள்ளி உணவுத் திட்டம் நடக்கிறது, நம் காமராசர் திட்டத்துக்கு ஒரு வருடம் மூத்தது. 2009-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள்: பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் நேரடியாக வாங்கச் செலவிட வேண்டும். சிறு விவசாயியை டெண்டரில் பெரிய கம்பெனியோடு மோதவிடாமல் அதற்குத் தனி வழி வைத்தார்கள். பள்ளியில் என்ன சமைப்பது என்பதைப் பக்கத்தில் என்ன விளைகிறது என்று பார்த்து முடிவு செய்யும்படியும் சொன்னார்கள். முழுசாக அப்படியே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காய்கறிப் பணத்தை மாதத் தொடக்கத்திலேயே கையில் கொடுங்கள், ஊர் மகளிர் குழுவிடமோ விவசாயியிடமோ வாங்கி ஒரு துண்டுச் சீட்டு வைத்தால் தணிக்கையில் ஏற்றுக்கொள்ளுங்கள். பில் இல்லை என்ற பயத்தில்தான் டீச்சர் கடையை விட்டு நகர மறுக்கிறார்.

கீரை பற்றியும் சொல்ல வேண்டும். முருங்கை இல்லாத வீடு எங்கள் ஊரில் இல்லை. காசே வேண்டாம், ஒடித்துக்கொண்டு போங்கள் என்பார்கள். ஆனாலும் சத்துணவில் முருங்கைக்கீரை வருவதே இல்லை. ஏன் என்று ஆயாவிடம் கேட்டேன். "நூத்திப் பத்துப் புள்ளைக்கு யாரும்மா உருவறது?" என்றார். எனக்கு அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. அடுப்படியில் இருப்பது இரண்டு பேர். அவர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் போராடுவது உங்களுக்குப் புதிதல்ல. அவர்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றும் கடிதமாக இது ஆகிவிடக் கூடாது. உருவிய கீரையை மகளிர் குழுவே காலையில் கொண்டுவந்து இறக்க வேண்டும், அதற்குக் கூலி தர வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21-ல், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளில் 57 விழுக்காட்டுக்கு ரத்தசோகை என்று வந்தது. அந்தக் குழந்தைகள்தான் இப்போது பள்ளியில் உட்கார்ந்து கீரை இல்லாத சாம்பாரைப் பிசைகிறார்கள்.

வாரத்தில் ஒரு நாளை மாவட்டத்துக்கு விட்டுக்கொடுங்கள். தருமபுரியில் அது ராகியாக இருக்கும், இன்னொரு மாவட்டத்தில் அவர்கள் மண்ணில் விளைவது எதுவோ அது. களிதான் வேண்டும் என்றும் இல்லை. ராகி அடையாகவோ இனிப்பு உருண்டையாகவோ தொடங்கலாம், பிள்ளைகள் அதற்கு ஓடி வருவார்கள். அப்புறம் அந்தப் பதிவேட்டில் வாளிக்கென்று ஒரு கட்டம்: கால், அரை, முக்கால், அவ்வளவு எழுதினால் போதும். மிச்சம் அதிகமென்று டீச்சருக்கு மெமோ கொடுக்க மாட்டோம் என்பதையும் அதே உத்தரவில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாப் பள்ளியிலும் வாளி காலியாகத்தான் இருக்கும், காகிதத்தில்.

நேரில் பார்க்க வருவதென்றால் சொல்லாமல் வாருங்கள். மீல் மேக்கர் போடும் செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து வாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று உருளைக்கிழங்கு வறுவல். அதன் தயவில் கறிவேப்பிலை சாதம்கூட இறங்கிவிடுகிறது, வாளியில் பார்க்க ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், இரண்டு பிள்ளைகளின் அம்மா