விகடகவியில் எத்தனை எழுத்து?

திருநெல்வேலி
ஞாயிறு காலை

அன்பு நண்பா,

பேத்தியின் காதுகுத்துக்கு நீ வராததில் வீட்டில் இன்னும் வருத்தம். முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை வழக்கம்போல டாக்டருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தாயா?

பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிப் படிப்பு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். யாரிடமும் போய் நிற்காமல் நானே கற்றுக்கொள்வேன் என்று உன்னிடம் சவால் விட்டேன் அல்லவா, அதில் பாதிதான் தேறியது. முதல் மூன்று மாதம் மாடி அறையில் தனியாகத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரியின் தொடக்கத்தில் இடம் விட டேப், அடுத்த வரியில் ஸ்பேஸ் என்று கலந்துவிட்டு, பார்க்க நேராகத்தானே இருக்கிறது, ஏன் எர்ரர் காட்டுகிறது என்று ஒரு மத்தியானம் முழுக்க முழித்தேன். அதுகூடப் பரவாயில்லை.

என்னைக் கவிழ்த்தது விகடகவி. முன்னும் பின்னும் ஒன்றாக வரும் சொல்தானா என்று பார்க்க ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். சொல்லைத் திருப்பிப் போடு, இரண்டும் ஒன்றா என்று பார், அவ்வளவுதான். 'விகடகவி' கொடுத்தால் 'இல்லை' என்கிறது! 'தேருவருதே'வுக்கும் இல்லை. ஆங்கில எழுத்தில் மேடம் என்று அடித்தால் மட்டும் 'ஆமாம்'. ஐந்து நாள் அந்த இரண்டு வரியையே மாற்றி மாற்றி எழுதினேன்.

கடைசியில் வீம்பை விட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் கூடும் பிள்ளைகளிடம் போனேன். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும் பெண் ஒருத்தி, "தாத்தா, அதில் எத்தனை எழுத்து என்று கம்ப்யூட்டரிடம் கேட்டீர்களா?" என்றாள். கேட்டேன். 7 என்றது. நமக்கு ஐந்து! கம்ப்யூட்டர் எழுத்துகளைக் குறித்து வைக்கும் யூனிகோடு முறையில் 'வ' தனி, அதன் மேல்விலங்கு ( ி ) தனியாம். திருப்பினால் கடைசி மேல்விலங்கு முதலில் வந்து அந்தரத்தில் தொங்குகிறது. முதல் 'வி'யின் விலங்கு பக்கத்து 'க'வோடு ஒட்டிக்கொண்டு 'கி' ஆகிவிடுகிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து 'வி' ஓர் எழுத்து என்றே இருந்தவனுக்கு அதைச் சந்தேகப்படத் தோன்றுமா, சொல். ஆனால் ஐந்து நாள் முட்டிக்கொண்டிருக்காவிட்டால் அவள் கேள்வி எனக்கு உறைத்தும் இருக்காது.

அப்புறம் வாராவாரம் போக ஆரம்பித்தேன். அங்கே வேறு வம்பு. கைவேகம் உள்ள ஒரு பையன் படபடவென்று அடிப்பான், நாங்கள் தலையாட்டுவோம். எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் முதல் வரியே ஓடாது. இப்போது ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம்: யாருக்குக் குறைவாகத் தெரியுமோ அவர் கையில்தான் கீபோர்டு. தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்லலாம். கீபோர்டு யாரிடம் இருக்கும் என்று உனக்கே தெரியும்.

எழுத்து எண்ணும் புரோகிராமை அவளும் நானும் தனித்தனியே எழுதிப் பார்த்தோம். விகடகவிக்கு இருவருக்கும் ஐந்துதான் வந்தது. 'பக்ஷி'யில்தான் தகராறு. எனக்கு மூன்று, அவளுக்கு இரண்டு. 'க்ஷ' ஓர் எழுத்தா, இரண்டா? தமிழ் வாத்தியார் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவர் சொல்வதே தீர்ப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் பதில் போடு. என் பக்கம் சாய்ந்தால் நல்லது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்