புது எஞ்சினுக்குப் பணம் அனுப்பாதே

திருகோணமலை, பங்குனி

அன்பின் நண்பா,

இங்கு எல்லோரும் சுகம். அங்கும் அவ்வாறே இருப்பீர்கள் என நம்புகிறேன். பொங்கலுக்கு நீ எழுதியதற்குத் தனியே பதில் எழுதுவேன். இது வேறு அவசரம். உன் தம்பியின் படகுக்குப் புது எஞ்சின் வாங்குவதற்கு நீ பணம் அனுப்பப் போவதாகச் சின்னண்ணை நேற்று மீன்வாடியில் வைத்துச் சொன்னார். தயவுசெய்து அனுப்பாதே. அந்த 25 குதிரைவலு எஞ்சினுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

நடந்ததை முழுமையாக உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கோணேசர் மலைக்கு வெளியே, நீரோட்டம் இழுக்கும் அந்த ஆழத்தில், எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. நல்ல வேளையாக அவ்வழியே வந்த கிண்ணியாப் படகொன்று கயிறு போட்டு இழுத்து வந்தது. பழுது பார்த்தவர், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இறைக்கும் பம்பைக் கழற்றி, அதற்குள் சுழலும் இறப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைப் புதிதாகப் போட்டார். பின்பக்கத்தால் தண்ணீர் நன்றாகவே பீச்சியது. மெதுவாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. கைபிடியை முறுக்கிச் சற்று நேரம் வேகமாக ஓடினால் மட்டும் மறுபடியும் கொதித்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ‘எஞ்சின் முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கழற்றிய பழைய இம்பெல்லரைத் தம்பி நல்ல காலமாக எறிந்துவிடாமல் வைத்திருந்தான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இறப்பர் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து, அந்த வளைவிலேயே விறைத்துப் போயிருந்தன. இரண்டு இதழ்கள் அடியோடு இல்லை. அந்த இரண்டு துண்டுகளும் எங்கே என்று கேட்டேன். ஒருவரிடமும் பதில் இல்லை. பம்பிலிருந்து முறிந்த துண்டு கடலுக்குத் திரும்பிப் போகாது, தண்ணீரோடு மேலே ஏறி, வழி குறுகும் இடத்தில்தான் போய் அடைத்துக்கொள்ளும் என்பதை அறியாமல் யாரும் பம்பில் கை வைக்கக் கூடாது என்று நான் உறுதியாகவே சொல்வேன். பின்பக்கத்தால் பீச்சும் தண்ணீர், பம்பு தண்ணீரைத் தூக்குகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தேவையான அளவு தண்ணீர் சிலிண்டரின் மூடியான ஹெட்டைச் சுற்றி ஓடுகிறது என்பதற்கு அது சாட்சி அல்ல.

கியர்ப் பெட்டியை இறக்கி, மேலிருந்து குழாய்த் தண்ணீரை எதிர்த்திசையில் அடித்தபோது ஒரு துண்டு வெளியே விழுந்தது. மற்றது தண்ணீர்க் குழாய் எஞ்சினுக்குள் நுழையும் வாயில் குறுக்கே நின்றது. வளைந்த கம்பியால் இழுத்தெடுத்தோம். பிறகு, சூடேறும்போது திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினோம். உப்பு அரித்த ஆணிகளுக்கு இரவு முழுவதும் எண்ணெய் விட்டு, மறுநாள்தான் அசைக்க முடிந்தது. அதைச் சட்டித் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தோம். 50 பாகைக்கு அண்மையில் திறக்கத் தொடங்க வேண்டிய அது, தண்ணீர் கொதித்த பிறகும் மயிரிழை அளவுக்கு மேல் திறக்கவில்லை. மெதுவாக ஓடும்போது சூடு குறைவு. அந்த இடுக்கே போதுமாக இருந்திருக்கிறது. வேகம் கூடியதும் போதவில்லை. ஹெட்டைத் திறந்தால், கேத்தலின் அடியில் பிடிக்கும் சுண்ணாம்பைப் போல உள்வழியெல்லாம் வெள்ளை உப்பு. மரக்குச்சியால் சுரண்டி, வினாகிரியில் ஊறவைத்துக் கழுவினோம். கடுமையான அமிலத்தை ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார். அது அலுமினியத்தையே தின்றுவிடும் என்பதால் நான் விடவில்லை. சிலிண்டரில் கீறல் இல்லை, பிஸ்டனும் நன்றாக இருக்கிறது. இதைத்தான் முடிந்துபோன எஞ்சின் என்கிறார்கள்!

இதற்கெல்லாம் மூலம் வாடைக்காலம்தான். கார்த்திகை தொடங்கித் தை வரை கடல் கொந்தளிக்கும்போது எஞ்சின்களைக் கழற்றி வாடிக்குள் சாத்திவிடுகிறார்கள். உள்ளே நின்ற உப்புநீர் அப்படியே காய்ந்து இறுகுகிறது. இம்பெல்லரும் மாதக்கணக்கில் ஒரே நிலையில் நசுங்கிக் கிடக்கிறது. சாத்துவதற்கு முன்பு ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓடவிட்டால் இதில் பாதி நேராது. கரையில் தண்ணீரின்றி ‘சும்மா ஒருக்கால்’ முடுக்கிப் பார்க்கும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். அந்த இறப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். அது இல்லாமல் ஒரு நிமிடம் சுழன்றாலே கருகிவிடும். இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். தலையை ஆட்டினான், அவ்வளவுதான்.

என் கவலை பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. புது எஞ்சின் வந்தாலும் இதே பழக்கத்தோடு ஓடினால், அதுவும் ஒரு நாள் நடுக்கடலில் நிற்கும். அன்றைக்கு அவ்வழியே ஒரு படகு வரும் என்று யார் சொல்ல முடியும்? பின்பக்கத் தண்ணீர் மெலிந்தாலோ எச்சரிக்கை ஒலி எழுந்தாலோ உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். தண்ணீர் அறவே வராவிட்டால் எஞ்சினை நிறுத்தி, தண்ணீருக்குள் நிற்கும் அதன் கீழ்ப்பகுதியைத் தூக்கி, உறிஞ்சும் வாயில் பொலித்தீன் பை சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போது கடலில் மீனுக்குச் சமமாகப் பொலித்தீன் மிதக்கிறது. ‘கரை தெரிகிறது, ஓடிப் போய்விடலாம்’ என்று முறுக்கித்தான் பல எஞ்சின்கள் இறுகின. உன் தம்பியும் அன்று அதைத்தான் செய்தான்.

ஆகவே, பணத்துக்குப் பதிலாகத் தெர்மோஸ்டாட் ஒன்று, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் ஒன்று, இம்பெல்லர் சுழலும் உறையும் அதன் அடித்தட்டும் அனுப்பு. மணலடித்து அடித்தட்டில் வளையம் வளையமாகக் கோடு விழுந்திருப்பதால், புது இம்பெல்லரும் அதில் நெடுநாள் நிற்காது. எஞ்சினின் இலக்கத்தை மாடல் எழுத்துகளோடு தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதைக் காட்டி வாங்கு, கிட்டத்தட்ட ஒத்ததை வாங்காதே. பொருத்தும்போது ஹெட் ஆணிகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு தடவையாக இறுக்க நானே கூட இருப்பேன்.

சின்னண்ணை இன்னும் அந்தப் பாரை மீன் கதையை விடவில்லை. இப்போது மீனின் நீளம் படகைத் தாண்டிவிட்டது.

தம்பி பழைய கேஸ்கட்டையே போட்டுக்கொண்டு இந்தக் கிழமையே இறங்கப் போவதாக நிற்கிறான். நான் சொன்னால் கேட்க மாட்டான். கடிதம் கிடைத்த அன்றே, இங்கு இரவு எட்டு மணிக்குப் பிறகு, நீயே தொலைபேசியில் அவனோடு பேசிப் பொருட்கள் வரும்வரை பொறுக்கச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்