பெயர்களை வெளியிடுங்கள்: பேஸ்பால் ஆணையருக்கு ஒரு ஹியூஸ்டன் ரசிகனின் திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் அவர்களுக்கு,

வணக்கம். ஹியூஸ்டனில் குடியிருக்கும் தமிழன் நான். ஆஸ்ட்ரோஸ் அணியின் ரசிகன். எதிரணியின் சைகைகளைத் திருடி ஆடிய 2017ல் எங்கள் அணி வென்ற வேர்ல்ட் சீரிஸ் (இறுதித் தொடர்) கோப்பையைப் பறிக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்ற வழக்கமான சண்டைக்கு நான் வரவில்லை. உங்கள் அலுவலகத்தில் இருக்கும் விசாரணை ஆவணங்களைத் திறந்து, யார் என்ன செய்தார்கள் என்பதைப் பெயரோடு வெளியிடுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

1962ல் தொடங்கிய அணிக்கு அதுதான் முதல் கோப்பை. அந்த ஆகஸ்டில்தான் ஹார்வி புயல் நகரத்தை மூழ்கடித்திருந்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறிய தடம் காய்வதற்குள் வந்த வெற்றி என்பதால் ஊரே தெருவுக்கு வந்து கொண்டாடியது. இரண்டு வருடம் கழித்து, 2019 நவம்பரில், அதே அணியில் இருந்த பிட்சர் (பந்து வீசுபவர்) மைக் ஃபயர்ஸ் உண்மையைப் போட்டு உடைத்தார்.

எந்த வகைப் பந்தை வீச வேண்டும் என்று எதிரணி கேட்சர் (பந்தைப் பிடிப்பவர்) தன் பிட்சருக்கு விரலால் காட்டும் சைகையை ஒரு கேமரா படம்பிடிக்கும். ஆஸ்ட்ரோஸ் வீரர்கள் உட்காரும் இடத்தை ஒட்டிய நடைவழியில் இருந்த திரையில் அது தெரியும். வருவது வேகப்பந்து இல்லை என்றால் ஒருவர் குப்பைத்தொட்டியைத் தட்டுவார். 2017 செப்டம்பர் 21 ஆட்டத்தின் பதிவை இன்று போட்டுக் கேட்டாலும் வயிற்றைப் பிசைகிறது. சிகாகோ வைட் சாக்ஸின் டேனி ஃபார்க்வார் சேஞ்சப் என்ற மெதுவான பந்தை வீசத் தயாராகும்போது ‘டொம், டொம்’ என்று சத்தம் வருகிறது. மறுபடியும் அதே சத்தம். அது அவர் காதிலேயே விழுந்துவிடுகிறது. வீசுவதை நிறுத்திவிட்டு கேட்சரைக் கூப்பிட்டுப் பேசி, சைகையை மாற்றிக்கொள்கிறார்.

ஒரு ஆஸ்ட்ரோஸ் ரசிகரே உட்கார்ந்து அந்த வருடத்தின் 58 ஆட்டங்களைக் கேட்டு 1,143 தட்டல்களைக் குறித்து வெளியிட்டார். அதில் அதிகபட்சம் ஆகஸ்ட் 4 ஆட்டத்தில். அன்று டொராண்டோவுக்காக வந்து அடி வாங்கிய பிட்சர் மைக் போல்சிங்கருக்கு மேஜர் லீக்கில் அதுவே கடைசி ஆட்டம். ஒரு மனிதனின் பிழைப்பு அங்கே முடிந்தது. இதைச் செய்த வீரர்களில் ஒருவருக்குக்கூட ஒரு நாள் தடை கிடையாது.

2020 ஜனவரி 13 அன்று நீங்கள் கொடுத்த தீர்ப்பு: 50 லட்சம் டாலர் அபராதம், புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு வருடத்துக்கான முதல் இரண்டு சுற்று உரிமைகள் பறிப்பு, பொது மேலாளர் ஜெஃப் லூனோவுக்கும் களத்தில் அணியை நடத்தும் மேலாளர் ஏ.ஜே. ஹின்ச்சுக்கும் ஒரு வருடத் தடை. 68 பேரை விசாரித்தீர்கள். அதில் 23 பேர் ஆஸ்ட்ரோஸில் அப்போது ஆடியவர்களும் முன்பு ஆடியவர்களும். உண்மையைச் சொன்னால் தண்டனை இல்லை என்று வீரர்களுக்கு வாக்குக் கொடுத்தீர்கள். அறிக்கையில் வந்த வீரர் பெயரோ கார்லோஸ் பெல்ட்ரான் ஒன்றுதான். மற்றவர்கள் மொத்தமாக ‘வீரர்கள்’ என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். அடுத்த மாதமே கோப்பையை வெறும் உலோகத் துண்டு என்று சொல்லி, பிறகு மன்னிப்பும் கேட்டீர்கள். வீரர்களுக்கு விலக்கு கொடுத்ததைப் பற்றி 2023ல் நீங்களே தயக்கத்தோடு பேசினீர்கள். அப்படியானால் மிச்சத்தையும் பேசிவிடலாமே?

பெயர் சொல்லாததால் பழி எல்லார் தலையிலும் சமமாக விழுந்திருக்கிறது. எங்கள் நட்சத்திர வீரர் ஹோசே அல்டுவேயைப் பாருங்கள். அந்த ரசிகரின் கணக்கில் வழக்கமாக ஆடியவர்களுள் மிகக் குறைந்த தட்டல்கள் கேட்டது அவர் ஆடும்போதுதான். அவர் அதை விரும்பவில்லை என்று அப்போதைய சக வீரர் கார்லோஸ் கொரியா வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் அவர் மட்டையோடு இறங்கினால் போதும், கூட்டம் முழுக்கக் கூச்சல். அவர் குற்றமற்றவர் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் விடை தெரிந்த கோப்பு உங்கள் மேசையில் இருக்க, ரசிகர்கள் ஏன் ஊகத்தில் அடித்துக்கொள்ள வேண்டும்?

2022 அணியை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது. 106 வெற்றி. பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் 11 வெற்றி, இரண்டே தோல்வி. வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸில் முடியும் ஆட்டம், சியாட்டிலில் 17 இன்னிங்ஸ் வரை இரு பக்கமும் பூஜ்ஜியம். 18ஆவதில் ஜெரமி பேன்யா அடித்த ஒரே ஹோம் ரன்னில் ஆட்டம் முடிந்தது. பேன்யா அணிக்குத் தேர்வானதே 2018ல்! அடுத்து யாங்கீஸை நாலுக்கு நாலு. வேர்ல்ட் சீரிஸின் ஒரு ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா ஐந்து ஹோம் ரன் அடித்து 7-0 என்று நம்மை நசுக்கியது. மறுநாள் இரவு, நவம்பர் 2, அதே மைதானத்தில் கிறிஸ்டியன் ஹாவியர் ஆறு இன்னிங்ஸ் வீசினார். அப்ரேயு, மொன்டேரோ, பிரெஸ்லி மூவரும் மீதியை முடித்தார்கள். ஃபிலடெல்ஃபியாவுக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. 73 வயதில் மேலாளராக டஸ்டி பேக்கர் தன் முதல் கோப்பையைத் தூக்கினார்.

அந்தக் கோப்பையை வென்று தந்தது பிட்சர்கள். பிளேஆஃப் முழுக்க மாற்று பிட்சர்களின் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்) 0.83. குப்பைத்தொட்டியைத் தட்டி ஒரு பிட்சரை நன்றாக வீச வைக்க முடியாது. அதுவும், விரல் சைகைக்குப் பதில் பொத்தானை அழுத்தி பிட்சரின் காதுக்கே சொல்லும் பிட்ச்காம் கருவியை நீங்கள் கொண்டுவந்த வருடம் அது. 2017 அணியிலிருந்து மிச்சம் இருந்தவர்கள் ஐந்தே பேர், அதில் இருவர் பிட்சர்கள். ஆனாலும் மொத்த அணியையும் திருடர்கள் என்றுதான் இன்றும் கூப்பிடுகிறார்கள்.

பேஸ்பாலின் பழைய கறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 வேர்ல்ட் சீரிஸைப் பணத்துக்கு விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட வைட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேரையும் 1921ல் அப்போதைய ஆணையர், நீதிபதி லாண்டிஸ் பெயர் சொல்லித் தடை செய்தார். எட்டுப் பேருக்கும் அவர் ஒரே தட்டில் வைத்துத் தீர்ப்பு எழுதியது சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் அதே அணியில் இருந்து, அதே தொடரில் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த டிக்கி கெர், கேட்சர் ரே ஷால்க், எடி காலின்ஸ் ஆகியோர் தலைநிமிர்ந்து வாழ்ந்தார்கள். ஷால்க்கும் காலின்ஸும் பேஸ்பாலின் உயரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். குற்றவாளி யார் என்று தெரிந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். அந்த எட்டுப் பேர் மீதான தடையை 2025 மே மாதம் நீக்கியது நீங்கள்தான். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

யாரையும் இனித் தண்டிக்க வேண்டாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். திரையைப் பார்த்தவர் யார், தட்டியவர் யார், கேட்டு அடித்தவர் யார், வேண்டாம் என்று சொன்னவர் யார் என்பது வெளியே வரட்டும். பெயர் வரப்போவது என் அணி வீரர்களுடையது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். நாளை அல்டுவேயின் பெயர் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்புக்கு வரும்போது வாக்களிப்பவர் கையில் வதந்தி இருக்கக்கூடாது.

உங்கள் பதவிக்காலம் 2029 ஜனவரியில் முடிகிறது. இந்த விசாரணை ஆவணங்களை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போகாதீர்கள், ஐயா.

இப்படிக்கு,
ஹியூஸ்டனிலிருந்து ஒரு ஆஸ்ட்ரோஸ் ரசிகன்