மாமர நிழலில் ஒரு வாங்கு

யாழ்ப்பாணத்து முன்பள்ளிகளை நடத்தும் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். தை மாதக் காலைகளில் முன்பள்ளி எந்த ஒழுங்கையில் இருக்கிறது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அழுகைச் சத்தமே வழி காட்டும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் பேத்திக்கு மூன்று வயது. தாய்க்குக் கொழும்பில் வேலை, அதனால் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தது அம்மம்மாதான். முன்பள்ளியில் முதல் நாள், "நீங்கள் நிண்டால் இன்னும் அழும், போங்கோ" என்று சொல்லிப் படலையைச் சாத்தினார்கள். பிள்ளை கம்பிக்குள்ளால் கையை விட்டு அம்மம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் எடுத்தோம். மூன்றாம் நாள் விளையாட்டுச் சாமானைக் காட்டி ஏமாற்றிவிட்டு நாங்களே நழுவினோம். அது எங்கள் பிழை. அதற்குப் பிறகு அம்மம்மா கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் ஓடிவந்தாள், சேலையைப் பிடித்தபடிதான் நித்திரை.

"செல்லம் குடுத்துக் கெடுத்த பிள்ளை" என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு தேடி வாசித்தேன்.

தாய்-சேய் பிணைப்பைப் பற்றி ஆராய்ந்த ஆங்கிலேய மருத்துவர் ஜோன் போல்பியைச் சிறுவயதில் வளர்த்தது ஒரு பணிப்பெண். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது அந்தப் பெண் வேலையை விட்டுப் போனதை, தாயை இழந்ததுபோல இருந்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிள்ளை ஒட்டுவது பெற்றவளோடு மட்டுமல்ல, தன் அழுகைக்கு ஓடிவருகிற ஆளோடு. எங்கள் வீட்டில் அது அம்மம்மா.

போல்பியோடு வேலை செய்த உளவியலாளர் மேரி எயின்ஸ்வேர்த் 1950களில் உகண்டாவில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கவனித்தவர். பிறகு அமெரிக்காவில் ஒரு வயதுக் குழந்தைகளைப் புது அறையில் விட்டுத் தாயைச் சிறிது நேரம் வெளியே அனுப்பிப் பார்த்தார். பிள்ளை அழுததா இல்லையா என்பதைவிட, தாய் திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதுதான் அவருக்கு முக்கியம். ஓடிப்போய் ஒட்டி, ஆறி, மறுபடி விளையாடப் போனால் பிணைப்பு உறுதியாக இருக்கிறது. சில குழந்தைகள் தாயைக் கவனிக்காததுபோல் இருந்தன. அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் அளந்தபோது, அந்தக் குழந்தைகளும் உள்ளுக்குள் தவித்தது தெரிந்தது. அழாத பிள்ளையை "நல்ல பிள்ளை" என்று தட்டிக்கொடுக்கும்போது இதையும் கொஞ்சம் நினையுங்கள்.

நல்லூர்க் கோயில் வீதி மணலில் பின்னேரம் பாருங்கள். சின்னது பத்தடி ஓடும், திரும்பிப் பார்க்கும். தாய் இருக்கிறாளா? சரி, இன்னும் பத்தடி. அப்படியே இன்னொரு பிள்ளையின் மண் வீட்டுக்குப் பக்கத்தில் போய்க் குந்திவிடும். சிநேகிதம் தொடங்குவது அங்கேதான். பிறரோடு பழகத்தானே முன்பள்ளிக்கு அனுப்புகிறோம்? திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை என்றால் எந்தப் பிள்ளை முன்னே போகும்?

ரீச்சர்மாரில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் கிடைக்கிற சொற்பக் கொடுப்பனவுக்கு, ஒருவராக நின்று இத்தனை பிள்ளைகளையும் பார்ப்பதே பெரிய காரியம். இந்த நடைமுறையை மாற்ற வேண்டியது நீங்கள்.

முதல் இரண்டு கிழமைக்கு, வளர்க்கிற ஆள் ஒருவரை உள்ளே இருக்க விடுங்கள். முதலில் பிள்ளைக்குப் பக்கத்தில், பிறகு மாமரத்தடியில், அப்புறம் அரை மணித்தியாலம் மட்டும். போகும்போது "போயிட்டு வாறன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடவும் வேண்டும். "எல்லாரும் வந்தால் சந்தையாகிவிடும்" என்பீர்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பேராகப் புதுப் பிள்ளைகளைச் சேர்த்தால் சந்தையாகாது.

என் பேத்தி ஒருவாறு பழகிவிட்டாள். அடுத்த தையில் வரப்போகிற பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன். மரத்தடியில் போட வாங்கு இல்லையென்றால் சொல்லுங்கள், எங்கள் விறாந்தையில் ஒன்று சும்மா கிடக்கிறது. கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அம்மப்பா