பாக்கி இருக்கும்போது மன்னிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவ நற்குணங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். பொறுமை, சாந்தம், மன்னிக்கும் மனம் எல்லாம் அதில் இருந்தன. நியாயம் மட்டும் எங்கும் தட்டுப்படவில்லை. கட்டுரையாளர்மேல் குறை சொல்ல வரவில்லை. பைபிளில் கலாத்தியர் நிருபத்தில் ஆவியின் கனியாக, அதாவது பரிசுத்த ஆவி மனிதனுக்குள் விளைவிக்கும் குணங்களாக, எண்ணப்படும் ஒன்பதிலும் அந்தச் சொல் இல்லைதான். ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பில் எபேசியர் 5:9 ஐத் திறந்தால், அதே ஆவியின் கனி நற்குணத்திலும் நீதியிலும் உண்மையிலும் விளங்கும் என்று இருக்கிறது. இந்த வசனத்தை யாரும் சுவரில் மாட்டி நான் பார்த்ததில்லை.

'நீதி' என்றதும் பாவிகளான நம்மைக் கடவுள் குற்றமற்றவர்களாக ஏற்று நீதிமானாக்கியதுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. சரி, அந்த விசுவாசம் எனக்கும் உண்டு. மீகா 6:8 இலோ 'நியாயஞ்செய்து' என்று வருகிறது. நியாயம் பேசுகிறவர்களுக்கு நம்மிடையே என்றைக்குமே பஞ்சமில்லை. செய்யச் சொன்னால்தான் ஆள் குறைகிறது.

சபையில் இருவருக்குள் பணத் தகராறு வந்தால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரியவர்கள் முதலில் போவது ஏமாந்தவர் வீட்டுக்கு. "ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்கிறார், விட்டுவிடுங்கள்" என்று ஜெபித்துவிட்டு வருகிறார்கள். ஏமாற்றியவர் வீட்டுக்குப் போவதற்குள் விஷயம் ஆறிவிடுகிறது. ஏமாந்தவர் பெரும்பாலும் சாதுவானவராக இருப்பதால் இது சுலபமான வழி. மத்தேயு 5:23, 24 இல் இயேசு சொன்னது இதற்கு நேர் எதிர். உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு நீ எழுந்து போ என்கிறார். போக வேண்டியவன் பாக்கி வைத்தவன்.

லேவியராகமம் 19 ஆம் அதிகாரத்தை ஒரு முறை முழுதாக வாசித்துப் பாருங்கள். பிறனை உன்னைப்போல் நேசி என்ற கட்டளை வருவது 18 ஆம் வசனத்தில். அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்று இருக்கிறது. தீர்ப்புச் சொல்லும்போது பணக்காரனுக்கு மட்டுமல்ல, ஏழைக்கும் முகதாட்சிணியம் பார்க்காதே என்பது 15. கடைசியில் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கவேண்டும் என்று முடிகிறது. அன்பைப் பற்றிய அந்த ஒரு வசனத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் இருந்த கூலியையும் தராசையும் நாம் விட்டுவிட்டோம்.

அப்புறம், இயேசுவைப் பார்க்க மரம் ஏறிய வரி வசூல்காரன் சகேயு. ஞாயிறு பள்ளியில் அவன் மரம் ஏறியதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெரியவர்கள் பார்க்கவேண்டியது, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் போட்ட கணக்கை. தவறை ஒப்புக்கொண்டு திருப்பிக் கொடுப்பவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது எண்ணாகமம் 5:7. நாலு மடங்கு என்பது, ஆட்டைத் திருடி அடித்தோ விற்றோ விட்டவனுக்கு யாத்திராகமம் விதித்தது. சகேயு பெரிய கணக்கைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டான். அதுவும் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொன்ன பிறகு. கொடு என்று இயேசு கேட்டதாக லூக்கா எழுதவில்லை. இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று அவர் சொன்னது அதற்கு அப்புறம்தான்.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றுமில்லை. ஒரு சபையில் சில வருடங்கள் பொருளாளராக இருந்தேன். ஆலயத்துக்கு வெள்ளையடித்தவருக்குக் கொஞ்சம் பாக்கி நின்றது. காணிக்கை வரட்டும், பண்டிகை முடியட்டும் என்று ஏழெட்டு மாதம் தள்ளினோம். அதற்கு நடுவில் புது மைக் செட் வாங்கினோம், அதற்கான காசோலையில் கையெழுத்துப் போட்டவன் நான். உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கடவுள் சொல்வதாகத் தீர்க்கதரிசி ஆமோஸ் எழுதியது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் அந்த மனிதர் வாசலில் வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை. மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டவேண்டும் என்று மட்டும் சொன்னார். எங்களில் மூத்தவர் ஒருவர் அவர் தோளைத் தட்டி, "ஆண்டவருடைய வீட்டுக்குச் செய்த வேலை தம்பி, ஆசீர்வாதம் வீண் போகாது" என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

அடுத்த மாதம் பாக்கியைக் கொடுத்தோம். சரியாக அந்தத் தொகை, ஒரு ரசீதில் கையெழுத்து. ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கவேண்டும் என்று கமிட்டியில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சபைப் பொருளாளர்