தோட்ட இருக்கைகள் திருப்பணி: நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் சங்கத் தோட்டத்தில் இருந்த மரப் பெஞ்சுகளையும் மேசைகளையும் நாற்காலிகளையும் சீர்செய்வது, தேறாதவற்றுக்குப் பதிலாகப் புதியவை செய்து வைப்பது என்று பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி தொடங்கிய திருப்பணி முழுமையாக நிறைவேறியது. நன்கொடை கொடுத்தவர்களுக்கும், உப்புத்தாள் பிடித்துக் கை சிவக்கத் தேய்த்துக் கொடுத்தவர்களுக்கும், பொறுமையாக வேலை செய்த தச்சர்களுக்கும் குழுவின் மனமார்ந்த நன்றி. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து அலுவலகத்தில் இருக்கிறது. எந்த உறுப்பினரும் பார்க்கலாம். எந்த மரத்தை ஏன் எடுத்தோம், ஏன் வார்னிஷ் அடிக்கவில்லை, இனிமேல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விகள்தான் பலரிடமிருந்தும் வந்தன. அவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

பழைய சாமான்களைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. நாள் முழுக்க வெயிலும் மழையும் வாங்கிய மேல்பலகைகள் நிறம் மங்கியிருந்தாலும் கட்டை கெட்டியாகவே இருந்தது. மக்கிப் போனவை மண்ணைத் தொட்ட கால் முனைகள், கைப்பிடியும் காலும் சேரும் மூட்டுகள், சருகு சேர்ந்து கிடந்த இடுக்குகள். அதாவது தண்ணீர் வந்து ஓடிய இடமெல்லாம் பிழைத்தது, தங்கிய இடமெல்லாம் கெட்டது. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை அதில் தலையெடுக்க முடியாது. நனைவதால் மட்டும் மரம் கெடுவதில்லை. காய நேரம் கிடைக்காமல் போவதால்தான் கெடுகிறது. மரம் வாங்கியது, மூட்டுப் போட்டது, கால் வைத்தது என்று இந்தத் திருப்பணியின் எல்லா முடிவுகளையும் இதை வைத்தே எடுத்தோம்.

முதலில் மரம். பெரும்பாலும் தேக்குதான் எடுத்தோம். தேக்கின் இயற்கையான எண்ணெய்ப் பசையும் அதிலுள்ள சில வேதிப்பொருள்களும் பூஞ்சையையும் கரையானையும் தள்ளி வைக்கின்றன. ஆனால் இந்தக் குணம் வைரம் பாய்ந்த நடுக்கட்டைக்கு மட்டுமே உண்டு. பட்டைக்கு அடுத்து வெளிறிய நிறத்தில் இருக்கும் வெளிறுக்குத் தேக்கிலும் தாங்கும் சக்தி கிடையாது. மரங்களின் இயற்கைத் தாங்குதிறனை 1 முதல் 5 வரை வகைப்படுத்தும் ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 350கூட, எந்த மரமானாலும் அதன் வெளிறைக் கடைசி வகுப்பில்தான் வைக்கிறது. முதிர்ந்த காட்டுத் தேக்கின் வைரம் முதல் வகுப்பு. தோட்டத்தில் வளர்த்து இளசிலேயே வெட்டிய தேக்கு 3 வரை இறங்கலாம். ஆகவே ‘தேக்கு’ என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிட முடியாது. ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பார்த்து, ஓரத்தில் வெளிறு ஓடியதை ஒதுக்கிவிட்டுத்தான் எடுத்தோம். வேங்கையும் யோசித்தோம், நல்ல உறுதி. ஆனால் நனைந்தால் மஞ்சள் கறை விடும் என்பதால் வேண்டாம் என்று விட்டோம். குறைந்த செலவில் முடியும் என்று சிலர் சொன்ன ரப்பர் மரமும் மாமரமும் வீட்டுக்குள் போடும் சாமானுக்கு நல்லவைதான். திறந்தவெளிக்கு அவை ஆகா.

காடழித்து வந்த மரமா என்று கேட்டவர்களுக்கு: வாங்கிய மரம் எஃப்.எஸ்.சி. (வனப் பொறுப்பாண்மைக் குழு) சான்று பெற்றது. 1993இல் தொடங்கிய அந்தச் சர்வதேச அமைப்பு, காட்டை முறையாகப் பேணி வெட்டிய மரத்துக்குச் சான்று தருகிறது. முத்திரையை மட்டும் பார்க்காமல், சான்று எண்ணையும் சரிபார்த்த பிறகே முன்பணம் கொடுத்தோம்.

பழைய பலகைகளில் சில பச்சைச் சாயலோடு இருந்தன. தாமிரம், குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்தை ஏற்றிய மரம் ஒரு காலத்தில் வெளியிடங்களுக்குப் பரவலாக விற்றது. அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டு உபயோகத்துக்காக அந்த மருந்தை ஏற்றுவது நின்றது. நம் பலகைகள் அந்த வகையாக இருக்கலாம் என்பதால் அவற்றை இழைக்கவோ எரிக்கவோ இல்லை, தனியே பிரித்து அபாயக் கழிவாகவே ஒப்படைத்தோம். உங்கள் வீட்டில் அப்படிப் பழைய மரம் கிடந்தால் தயவுசெய்து அடுப்பில் வைக்காதீர்கள். ஆர்சனிக் சாம்பலில் தங்கிவிடும்.

மூட்டுகளைப் பொறுத்தவரை தச்சர்களின் சொல்லைத்தான் கேட்டோம். கழுந்தும் (கட்டை முனையில் செதுக்கிய நாக்கு) துளையும் இறுக்கமாகக் கோத்து, குறுக்கே மர ஆணி அடித்த மூட்டு, வெறும் திருகாணியால் இழுத்துப் பிடித்த மூட்டைவிட நீண்ட நாள் ஆடாமல் நிற்கும். பசை டி4 தரம், அதாவது மரப் பசைகளின் நீர் தாங்கும் வகுப்புகளில் மிக உயர்ந்தது. அதற்கு அடுத்த டி3, வெளியில் மழை படாத மறைவான இடத்துக்குத்தான் சரிவரும். தேக்கின் எண்ணெய்ப் பசையில் பசை பிடிக்காது என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஒவ்வொரு கழுந்தையும் அசிட்டோனில் துடைத்தார்கள். சிறிய வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் விட்ட மூட்டுதான் முதலில் பிரியும். திருகாணி தேவைப்பட்ட இடங்களில் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. சாதாரண இரும்பு ஈரத்தோடு சேர்ந்து மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து கருநீலக் கறையை உண்டாக்கும். பழைய பெஞ்சுகளில் ஆணியைச் சுற்றிப் பார்த்தோமே, அதுதான்.

மரம் ஈரம் குடித்தால் அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. 100 மில்லிமீட்டர் அகலத் தேக்குப் பலகை ஒன்று நன்றாக நனைந்து காய்வதற்குள் 2 மில்லிமீட்டர் அளவுக்குக்கூட மாறலாம். இடம் விடாமல் இறுக்கினால் வெடிக்கும். அதனால் இருக்கைப் பட்டைகளுக்கு நடுவே 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறோம். தண்ணீர் கீழே இறங்கவும், காற்று மேலேறவும் அது உதவும். “விரல் நுழையுமே, அடைத்துவிடக் கூடாதா?” என்று கேட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு விளிம்பையும் உருட்டி இழைத்திருப்பதால் குழந்தைகளுக்குக் கீறல் படாது.

இருக்கை உயரம் 45 சென்டிமீட்டர். சாய்ந்து அமரும் அடிரோண்டாக் வகை நாற்காலி வேண்டும் என்று இளையவர்கள் ஆசைப்பட்டார்கள். 1903இல் அமெரிக்காவில் தாமஸ் லீ என்பவர் உருவாக்கிய அந்த வடிவம் உட்கார இதமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் இருக்கை தாழ்ந்து பின்பக்கம் சரிந்திருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் பிறர் கை கொடுக்காமல் எழ முடியாது. தோட்டத்துக்குத் தினமும் வருபவர்களில் பெரியவர்கள்தான் அதிகம். அதனால் நிமிர்ந்த முதுகும், ஊன்றி எழ அகலமான கைப்பிடியும் உள்ள பெஞ்சையே தேர்ந்தோம்.

கால் முனைகளுக்குத்தான் அதிகக் கவனம் கொடுத்தோம். கட்டையின் குறுக்கே அறுத்த முனை உறிஞ்சுகுழல்களைக் கட்டி வைத்தது போல. பக்கவாட்டில் நுழைவதைவிடப் பல மடங்கு வேகமாக அதன் வழியே தண்ணீர் ஏறும். எல்லாக் கால்களின் அடியிலும் எப்பாக்ஸி என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசினைக் கட்டை குடிக்கக் குடிக்கத் தடவி அடைத்தோம். அப்புறம் ஒவ்வொரு காலும் மண்ணையோ புல்லையோ தொடாமல் கல் பதித்த மேடையில் நிற்கும்படி வைத்தோம். கரையானுக்கும் அங்கே ஒளிந்து ஏற வழியில்லை. நல்ல நிலையில் இருந்து கால் மட்டும் மக்கிய பழைய பெஞ்சுகளைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. கெட்ட பகுதியை அறுத்துவிட்டு, சாய்வெட்டாகப் புதுக் கட்டை சேர்த்திருக்கிறோம். அவை இன்னும் நெடுங்காலம் நிற்கும் என்பதில் குழுவுக்கு உறுதியான நம்பிக்கை உண்டு.

இப்போது பலரும் கேட்ட கேள்வி: ஏன் பளபளவென்று வார்னிஷ் அடிக்கவில்லை? வார்னிஷ் மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்கிறது. அடியில் மரம் விரிந்து சுருங்க, படலம் எங்கோ ஓரிடத்தில் மயிரிழை விரிசல் விடும். உள்ளே போன தண்ணீர் வெளியே வர முடியாது. பிறகு அதன் மேலேயே மறுபூச்சு அடிக்கவும் முடியாது. மொத்தமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். இந்தத் திருப்பணியில் உழைப்பின் பெரும்பங்கை விழுங்கியது அந்தச் சுரண்டல்தான். வெளியில் போடும் தேக்குக்கு வார்னிஷ் வேண்டாம் என்பது குழுவின் ஒருமித்த முடிவு.

எண்ணெய் பூசலாமா என்றால், பூசலாம், நிறத்துக்காக மட்டும். வைரத் தேக்கின் ஆயுளை எண்ணெய் கூட்டுவதில்லை. ‘டீக் ஆயில்’ என்று விற்பதும் தேக்கிலிருந்து எடுத்தது அல்ல, பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ கரைப்பானோடு கலந்ததுதான். ஒருமுறை தொடங்கினால் தவறாமல் தொடர வேண்டும். ஆளிவிதை எண்ணெயில் கரும்பூஞ்சையும் எளிதாகப் படரும். ஆகவே நம் பெஞ்சுகளை எண்ணெயில்லாமலே விட்டிருக்கிறோம். ஓராண்டு கழியும்போது தேன் நிறம் போய் வெள்ளிச் சாம்பல் நிறமாகும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைக்க, மழை அதைக் கழுவிவிடுவதால் வரும் மாற்றம் அது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதி ஆழம்கூட இறங்காது. பெஞ்சு கெட்டுவிட்டது என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வீட்டுச் சாமானுக்கு எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

பராமரிப்பு எளிதுதான். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, மென்மையான தூரிகையும் மிதமான சோப்புத் தண்ணீரும் கொண்டு கழுவினால் போதும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் கூடாது. ரேகைகளுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதியை அது அரித்துவிடும். இரும்பு நார் வேண்டவே வேண்டாம், உதிரும் துகள்களே கறையாகும். அப்படி இரும்புக் கறை விழுந்துவிட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் எடுக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு தடவி, நன்றாக அலச வேண்டும். அதைப் பிளீச்சோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. பெஞ்சுகளைப் பிளாஸ்டிக் தாள் போட்டு மூட வேண்டாம். உள்ளே வியர்த்து நாள்கணக்கில் காயாது. பட்டை இடுக்கில் சருகு தெரிந்தால் போகிற போக்கில் தட்டிவிடுங்கள்.

மாற்றுப் பட்டைகளும், அதே அளவுத் திருகாணிகளும், 80, 120 எண் உப்புத்தாளும் கிடங்கில் பெயரெழுதி வைத்திருக்கின்றன. சாவி தோட்டப் பராமரிப்புக் குழுவிடம். கால் ஆடினாலோ மூட்டு பிளந்தாலோ அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் பெஞ்சின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எண் ஒவ்வொன்றின் பின்சட்டத்திலும் செதுக்கியிருக்கிறது.

இப்படிக்கு,
தோட்ட இருக்கைகள் திருப்பணிக் குழு